தேறாத சாம்பிள்

ஜூலை 1, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இன்றுதான் ஜெசிந்தா மேடம் என் கையில் தகடு கொடுத்தார். இதுவரை குடுவை கழுவுவதும் சாம்பிள்களுக்கு எண் ஒட்டுவதும்தான் என் வேலை. மஞ்சள் வியாபாரிகளும் மூலிகைப் பொடி ஏற்றுமதி செய்கிறவர்களும் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு சாம்பிள் அனுப்புகிறார்கள். கலப்படம் இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான் சரக்கு லாரி ஏறும்.

தகடு என்பது உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் துண்டு. அதன்மேல் வெள்ளையாக சிலிக்கா பூசியிருக்கும். அடியில் பென்சிலால் கோடு போட வேண்டும். பேனாவில் போட்டால் மையும் சேர்ந்து ஏறிவிடும். கோட்டின்மேல் முடிபோன்ற கண்ணாடிக் குழாயால் சாற்றைத் தொட்டு வைத்து, கரைப்பான் ஊற்றிய தொட்டியில் தகட்டை நிறுத்தி மூட வேண்டும். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் கரைப்பான் ஏறுகிறது. சாற்றில் இருப்பவை ஒவ்வொன்றும் தன் வேகத்தில் கூடவே போய், தன் இடத்தில் நின்றுவிடுகின்றன. நான் வைத்த மஞ்சளில் மூன்று புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன.

"ஏதாச்சும் டவுட்டா?" என்று மேடம் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு இருந்தன.

வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப அதுகிட்டப் பொய் சொல்ல முடியாதுன்னு சொல்லு."

ஜூலை 6, சனி

அப்பா இன்று அம்மாவோடு மலைக்கோயிலுக்குப் படியேறியே போய்விட்டு வந்தார். போன தீபாவளிக்கு, கட்டிலிலிருந்து எழுந்து நிற்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கைமூட்டு, கால்மூட்டு எல்லாம் வீங்கி, தறிக்குடோன் பக்கமே போகாமல் கிடந்தார். மாராத்தா பெரியம்மா கொடுக்கும் மூலிகைப் பொடிதான் அவரை எழுப்பிவிட்டது. காலையும் மாலையும் ஒரு ஸ்பூன், வெந்நீரில்.

பெரியம்மா எங்களுக்குச் சொந்தமில்லை. எதிர்வீட்டில் தனியாக இருக்கிறார். வெளியூர் ஆள் ஒருவன் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவதைப் சுக்கு, மஞ்சள், இன்னும் ஏதேதோ மூலிகை என்று சொல்லிப் பொட்டலம் கட்டி விற்கிறார். தன் இடுப்பு வலிக்கு அவரும் அதையே சாப்பிடுகிறார்.

"ஏனப்பா நாச்சிமுத்து, படியேறியே போயிட்டு வந்துட்டியாமா? மூஞ்சியப் பாரு, பௌர்ணமி நெலாவாட்ட இருக்குது!" என்று வாசலிலிருந்தே கூவினார்.

"எல்லாம் உங்க பொடியோட ராசிங்கக்கா."

"ராசி ரொம்பத்தான்," என்றாள் அம்மா. "ஒரு சட்டை பத்தறதில்ல. பொழுதன்னைக்கும் பசி, பசிங்கறாரு."

அப்பாவின் கைகளில் சின்னச் சின்னதாக ஊதா நிற ரத்தக்கட்டுகள் இருக்கின்றன. தறியில் இடித்திருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

பயிற்சிக்காக ஆளுக்கு ஒரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் மேடம். என்னோடு சேர்ந்த ஷபானா, "எங்க மாமியார் அரைச்ச மசாலாவக் கொண்டாரேன். ஏதாச்சும் சிக்கிச்சுன்னா ஆதாரத்தோட தனிக்குடித்தனம் போயிரலாம்," என்றாள். மேடம்கூடச் சிரித்தார்.

நான் அப்பாவின் பொடியைக் கொண்டுபோகிறேன். அவ்வளவு நல்ல பொடியில் என்னென்ன மூலிகை இருக்கிறது என்று பார்த்துவந்து அவரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 10, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டினேன். மூலிகைப் பொடி என்றால் பக்கத்துத் தடங்களில் சில இங்கிலீஷ் மருந்துகளையும் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அவற்றை 'ஸ்டாண்டர்டு' என்போம். என்ன மருந்து என்று முன்பே தெரிந்த, சுத்தமான சரக்கு. சாம்பிளின் புள்ளி ஸ்டாண்டர்டின் உயரத்துக்கே ஏறி நின்றால், இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

தகடு காய்ந்ததும் புற ஊதா விளக்கின் அடியில் வைத்தேன். தகடு முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. சுக்கும் மஞ்சளும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. பெரியம்மா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நடுவில், எந்த மூலிகைக்கும் உரியதல்லாத ஒரு கறுத்த புள்ளி. பக்கத்துத் தடத்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இரண்டும் ஒரே உயரம். நான் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பிறகு ஸ்டீராய்டைக் காட்டும் மருந்தைத் தெளித்தோம். இரண்டு புள்ளியும் ஒன்றாக நீலமாயின.

வேறு தகடு எடுத்து மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே உயரம். மறுபடி நீலம்.

மேடம் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். "ஸ்டீராய்டு. மூட்டு வலிப் பொடியா? வலிய ஒரே வாரத்துல தூக்கிரும். அப்புறம் ஆளையே தூக்கிரும். எங்க வாங்குனது?"

"கடையிலங்க மேடம்."

"வீட்ல யாரும் சாப்பிடறதில்லல்ல?"

ஷபானாவும் இன்னும் மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப சரி. தேறாத சாம்பிள்னு எழுதிட்டு, மிச்சத்த அழிச்சுரு."

அதுதான் இங்கே விதி. தேறாத சாம்பிளை ஒரு சிட்டிகைகூட வைத்திருக்கக் கூடாது.

ஜூலை 11, வியாழன்

சாயங்காலம் வீட்டில் சொன்னேன்.

"யாரு சொன்னா?" என்றார் அப்பா.

"நானே பாத்தனுங்கப்பா. ரெண்டு தடவ."

"உனக்கு வேல கெடைச்சு ஒரு மாசம். நான் அதத் தின்னு எட்டு மாசமாவுது. எந்திரிச்சு நடக்கறன்ல?"

"அதனாலதானுங்கப்பா நடக்கறீங்க. நடக்க வெக்கறது வேரோ இலையோ இல்ல. மாத்திரையப் பொடி பண்ணிக் கலந்திருக்காங்க. எலும்பு போயிரும், சக்கர வரும். மொகம் உப்பியிருக்கறதே அதுனாலதான்."

அம்மா அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா எழுந்து போய்ப் பொடி டப்பாவை அவரே எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "பொட்டப்புள்ளைய எதுக்கு இவ்வளவு தூரம் படிக்க வெக்கறீன்னு அத்தன பேரும் கேட்டான். இதுக்குத்தான். ஊத்திரு கண்ணு."

சாக்கடையில் கொட்டி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூலை 12, வெள்ளி

குடோன் முழுக்க அப்பா சொல்லியிருக்கிறார்: "எம்புள்ள வெசத்தக் கண்டுபுடிச்சுட்டா."

ஜூலை 14, ஞாயிறு

மாராத்தா பெரியம்மா வந்து சத்தம் போட்டார். "நான் வெசம் விக்கறவளா? நானும் அதத்தான் திங்கறேன், பாத்துக்க! ஒரு சீசால புள்ளி வந்துச்சாம், என்ற பொழப்புல மண்ணப் போட்டுட்டா."

"சின்னப் புள்ளைங்கக்கா, உடுங்க," என்று அப்பா சமாதானம் சொன்னார். நான் சமையலறையிலேயே இருந்தேன். பருப்பு வெந்துகொண்டிருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

மூட்டு வலி திரும்பிவிட்டது. அப்பா வேலைக்குப் போகவில்லை. விஷம் உடம்பை விட்டு இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். ஷபானாவின் மாமியார் மசாலாவில் ஒன்றும் இல்லை. "தோத்துட்டேன்டி," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூலை 18, வியாழன்

பசி பசி என்றவர் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்கிறார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதாம். காலையில் வாந்தி. உடம்பு கொஞ்சம் சுடுகிறது. வீதியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், அதுதான் ஒட்டியிருக்கும்.

முகத்து உப்பல் கொஞ்சம் வடிந்ததுபோல் இருந்தது. நல்லதுதான்.

ஜூலை 19, வெள்ளி

பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனோம். நல்ல கூட்டம். டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்றார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி," என்றாள் அம்மா. நான் அப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஊசியும் மூன்று வேளை மாத்திரையும். ஆட்டோவில் வரும்போது அப்பா என்மேல் சாய்ந்துகொண்டே வந்தார். கனமாக இருந்தார்.

ஜூலை 20, சனி

மதியம் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"கண்ணு, அந்தப் பொடி ஒரு ஸ்பூன் கெடைக்குமா?"

"எதுக்குங்கப்பா?"

"வலிக்கில்ல. என்னமோ உள்ளாற இருந்து கேக்குது. அது எறங்குனா எந்திரிச்சுருவேன்னு தோணுது."

"அது பழக்கங்கப்பா. சாராயம் குடிக்கறவங்களுக்குக் கேக்கறதில்லயா, அந்த மாதிரி. ரெண்டு நாளு பொறுத்துக்குங்க."

"ஒரே ஸ்பூன்."

"வேண்டாங்கப்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நீ சொன்னாச் சரி."

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வாசலில் வந்து நின்றார். கையில் பொட்டலம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சண்டய அப்பறம் வெச்சுக்கலாம். ஒரு வாய் குடுத்துப் பாரு அம்மிணி. மனுசன் வெளுத்துக் கெடக்கறான்," என்றார்.

கதவைச் சாத்தினேன். யார் முகத்துக்கு எதிரிலும் நான் கதவைச் சாத்தியதில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

அப்பா மயங்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

விடியற்காலையில் அப்பா இறந்துவிட்டார்.

ஜூலை 25, வியாழன்

எழுதாமல் இருந்தால் தூக்கம் வரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பணியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். ரத்த அழுத்தம் கருவியில் ஏறவே இல்லை. என்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டார். அம்மா ஒன்றுமில்லை என்றாள். பிறகு தன் தம்பிக்குப் போன் செய்ய வெளியே போனாள்.

அப்போது சொன்னேன். பொடி, ஸ்டீராய்டு, எட்டு மாதம்.

டாக்டர் சட்டென்று திரும்பி நர்சிடம் ஓர் ஊசியின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அதே வேகத்தில் என்னிடம், "எப்ப நிறுத்துனாரு? படிப்படியாக் கொறச்சாரா? யாரு நிறுத்தச் சொன்னா?" என்றார்.

முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன்.

எல்லாம் முடிந்த பிறகு நடைபாதையில் வைத்து அவர் விளக்கினார். உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரந்துகொள்ளும். வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தால், இனித் தேவையில்லை என்று சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று வெளியிலிருந்து வருவதும் நின்றுபோனால் இரண்டும் இல்லாமல் போகும். சாதாரணக் காய்ச்சலைக்கூட அந்த உடம்பால் தாங்க முடியாது. டாக்டர் பார்த்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். "ஒரு நாள் முன்னால கூட்டிட்டு வந்திருந்தாக்கூட…" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தகட்டில் புள்ளி தெரியும். அதற்குமேல் தகட்டுக்கு ஒன்றும் தெரியாது.

அம்மா திரும்பி வந்து, "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்றாள்.

"காய்ச்சல் முத்திப்போச்சுன்னாங்க."

ஜூலை 27, சனி

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரிடமும் அம்மா ஒன்றையே சொல்கிறாள். "அந்தப் பொடிதானுங்க ஆள அரிச்சுருச்சு. எம்புள்ள மட்டும் கொஞ்சம் முன்னாடியே கண்டுபுடிச்சிருந்தா மனுசன் இருந்திருப்பாரு." சொல்லிவிட்டு என் தலையைத் தடவுகிறாள். வந்தவர்களும் என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள்.

மேடமும் ஷபானாவும் வந்தார்கள். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்குக் கேட்டனேம்மா…" என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர்களை வழியனுப்ப வெளியே போனபோது பார்த்தேன். எங்கள் வீதிச் சாக்கடையில் பொட்டலங்கள் மிதக்கின்றன. அம்மாவின் பேச்சைக் கேட்டு அவரவர் வீட்டுப் பொடியைக் கொட்டியிருக்கிறார்கள்.

ஜூலை 28, ஞாயிறு

பொடியைக் கொட்டியவர்களிடம் சொல்ல இரண்டு முறை வெளியே கிளம்பினேன். எங்கே என்றாள் அம்மா. தண்ணீர் பிடிக்க என்றேன். குடம் நிறைய இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

அப்பாவோடு குடோனில் வேலை பார்த்த ரங்கசாமி மாமா வீட்டுக்குப் போனேன். அவரும் ஐந்தாறு மாதமாக அந்தப் பொடியைச் சாப்பிட்டவர். சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, பொடிய ஒரேயடியா நிறுத்தக் கூடாதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி, இன்ன பொடி சாப்பிட்டேன்னு சொல்லோணும். அவங்க அளவாக் கொறச்சுக் குடுப்பாங்க."

"அன்னிக்கு வெசங்கற, இன்னிக்கு நிறுத்தாதங்கற. நீ படிச்சது ஒரே காலேஜுதானா?" என்றார். அவர் மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "உங்கப்பனுக்கு என்னாச்சுன்னு பாத்துட்டுத்தான் நாங்க வீசுனோம். அவனுக்குப் பொடியாலதான ஆச்சு?"

நான் எழுந்துகொண்டேன்.

"காலைல எனக்குக் கிறுகிறுன்னு வருது, அது வேற," என்று அவராகவே சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மறுபடி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர் போகமாட்டார். போவதற்கு நான் காரணம் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 31, புதன்

மாராத்தா பெரியம்மா வீட்டுக் கதவு நேற்றிலிருந்து திறக்கவில்லை என்று பால்காரர் சொன்னார். போய்த் தள்ளினேன், திறந்துகொண்டது. பாயில் கிடந்தார். பக்கத்தில் வாந்தி எடுத்த போசிப் பாத்திரம். உதடெல்லாம் வறண்டிருந்தது.

"வா. வையறதுக்கு வந்தயா?" குரல் கேட்கவே இல்லை.

"நீங்களும் பொடிய நிறுத்திட்டீங்களா பெரியம்மா?"

"ஒரு மூட்ட இருந்துது. உங்கப்பன் போன அன்னிக்கே பூராத்தையும் எரிச்சுப்போட்டேன். தெரியாதம்மா எனக்கு. சத்தியமாத் தெரியாது."

அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். கழுத்து நிற்கவில்லை. ஆட்டோவை வாசலுக்கே கூப்பிட்டுவிட்டு, ஒரு பக்கம் பிடிக்க ஆள் தேடினேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. அம்மா எங்கள் வாசலில் நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் வந்து புடிங்க."

"அவளையா? என்ற தாலிய அறுத்தவ. கெடக்கட்டும். சாவட்டும்."

வீதியில் அத்தனை பேர் இருந்தார்கள். ரங்கசாமி மாமாவின் மனைவியும் குடத்தோடு நின்றிருந்தார். என் குரல் எனக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது.

"அப்பா பொடியால சாகலீங்கம்மா. அதத் திடீர்னு நிறுத்துனதால செத்தாரு. டாக்டரம்மா எங்கிட்டச் சொன்னாங்க. நிறுத்தச் சொன்னது நான். கடைசியா ஒரு ஸ்பூன் கேட்டாரு, அதையும் குடுக்கலை. இவங்களுக்கும் இப்ப அதேதான். தயவுபண்ணி வந்து புடிங்க."

அம்மா என்னையே பார்த்தாள். ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார். பிறகு அம்மா படியிறங்கி வந்து, பெரியம்மாவின் இன்னொரு தோளைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் யார் கேட்பதற்கும் காத்திருக்கவில்லை. உள்ளே போனதுமே சத்தமாகச் சொன்னேன். "இவங்க ரொம்ப நாளா ஸ்டீராய்டு கலந்த பொடி சாப்பிட்டவங்க. ஒம்போது நாளா நிறுத்திட்டாங்க." அன்றிருந்த டாக்டர் இல்லை, வேறொருவர். எப்படித் தெரியும் என்றார். "நான் டெஸ்ட் பண்ணிப் பாத்தேங்க."

ஊசி போட்டு டிரிப் ஏற்றினார்கள். அம்மாவும் நானும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். பாட்டில் முடியும் முன்பே பெரியம்மாவின் முகத்தில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. மதியத்துக்கு மேல் அவராகவே எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். "நாக்கு வறண்டு கெடக்குது. டீ கெடைக்குமா?" என்றார்.

அவ்வளவுதான். ஓர் ஊசி, ஒரு பாட்டில் தண்ணீர்.

அம்மாதான் போய் டீ வாங்கிவந்தாள். பெரியம்மா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தார். கடைசி மடக்கு வரைக்கும் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. நான் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டேன். அம்மா முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அம்மா இன்னும் என்னிடம் பேசவில்லை. காலையில் என் தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள்.

ஏழு மணிக்கு ரங்கசாமி மாமா வாசலில் வந்து நின்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்தபடி. பின்னால், பொடி சாப்பிட்டுவந்த இன்னும் நான்கு பேர். ஒருவரும் உள்ளே வரவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"ஆஸ்பத்திரில என்ன சொல்லோணுமோ நீயே வந்து சொல்லு," என்றார் மாமா. "எங்களுக்குச் சொல்லத் தெரியாது."

செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களோடு போனேன்.